பிரேக்கம்மா ஆட்டத்தில் சேர்ந்த கதை

எந்த ஊருக்குப் போனாலும், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களை அவர்களுடைய வலது காலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கோ முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கே வரும். ஓட்டுநர் பிரேக் போடுவதற்கு முன்பே இவர்கள் கால் தரையை ஒரு மிதி மிதித்திருக்கும். நம் கதைக்கு உரியவளுக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் மிதிப்பாள். பால் பொங்கி வந்தால், கை அடுப்புக்குப் போவதற்குள் கால் மிதித்துவிடும். கணவர் ஒரு பேச்சை ஆரம்பித்து, அது எந்தச் சந்தில் போய் முட்டிக்கொள்ளும் என்று இவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அப்போதும் ஒரு மிதி. வீட்டுச் செருப்பு தரையில் 'டப்' என்று அடிக்கும். கணவர் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வார்.

மாணவர்கள் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காதுக்கும் அது எட்டியிருந்தது. கோபம் வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டிருந்த ஓர் அறைதான் அவளுடைய டிரைவிங் ஸ்கூல். ஒரே ஒரு வெள்ளைக் கார். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மாணவர்கள் மறந்தால் அவள் மிதிப்பாள். இத்தனை காலத்தில் அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. டயர் கடைக்காரர்கூட, "இந்த அம்மா காரால நமக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்ல" என்று அலுத்துக்கொள்வார்.

"கண்ணாடியைப் பாரு. சிக்னல் போடு. அப்புறம் திருப்பு." இது வகுப்பில். "பையை எடு. தண்ணி பாட்டிலை எடு. அப்புறம் செருப்பைப் போடு." இது வீட்டில். மகள் கல்லூரிக்குப் போகிற வயதுக்கு வந்த பிறகும் இதே பாட்டுதான்.

கணவருக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுவதும் அடுத்தவர் மூக்கில் பிரேமை வைத்து, வலமா இடமா என்று சரிபார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். அந்த முகத்தைப் பார்த்து அவருக்குப் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, அல்லது கடையே தீப்பிடித்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாடியில் அவருடைய தங்கை, அதாவது பிரேக்கம்மாவின் நாத்தனார் குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அவளுடைய பேச்சில் ஒரு நிறுத்தமும் நிதானமும் இருக்கும். ஆக மொத்தம் அது அமைதியான, ஒழுங்கான வீடு. அப்படித்தான் பிரேக்கம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒழுங்கில் விழுந்த முதல் ஓட்டை ஒரு துணி கிளிப். மஞ்சள் நிறம். ஒருநாள் காலையில் கணவர் கடைக்குக் கிளம்பும்போது அவருடைய சட்டையின் முதுகில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கொடியிலேர்ந்து எடுத்தா கிளிப்பைக் கழட்டிட்டுப் போட மாட்டீங்களா?"

"ஓ. பாக்கல" என்றார் அவர்.

அடுத்த சில நாட்களில் பேண்ட்டின் பின் பாக்கெட்டில். அப்புறம் மறுபடியும் சட்டையில். ஒவ்வொரு தடவையும் பிரேக்கம்மா எடுத்துக் கொடுப்பாள். அவரும் "ஓ" என்பார். மறதி என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அதே மஞ்சள் கிளிப் நாத்தனாரின் ஆஸ்பத்திரிக் கோட்டின் ஓரத்தில் தொங்கியபோது அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கும் இருக்கிறது, தங்கைக்கும் இருக்கிறது என்றால் இது பரம்பரை. மகளின் பின்னல் நுனியிலும் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். இந்த வயதிலேயே ஆரம்பித்துவிட்டதே.

யாரிடமும் சொல்லவில்லை. நல்ல டாக்டராக விசாரித்து, நாள் வாங்கி, "சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லிக் கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

"சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்றார் டாக்டர்.

கணவர் வாயைத் திறப்பதற்குள் பிரேக்கம்மா ஆரம்பித்துவிட்டாள். "இவருக்கு மறதி டாக்டர். சட்டையில துணி கிளிப்போட வெளியில கிளம்பிடறார். நான் பாத்து எடுக்கலன்னா அப்படியே கடைக்குப் போயிடுவார். இவர் தங்கச்சிக்கும் இருக்கு. இப்ப பொண்ணுக்கும் வந்திருக்கு. பின்னல்ல மாட்டிக்கிட்டுக் காலேஜுக்குக் கிளம்பறா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மூணு பேருக்கும் ஒரே கிளிப்பா?"

பிரேக்கம்மா யோசித்தாள். "ஆமா. மஞ்சள்."

"சளி, காய்ச்சல் ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குத் தொத்தும். கிளிப் தொத்தும்னு நான் படிச்சதில்லையே."

கணவருடைய முகத்தில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காது இரண்டும் நன்றாகப் பழுத்திருந்தன. "டாக்டர், இது மறதி இல்ல" என்றார் மெல்ல.

"அப்புறம்?"

"விளையாட்டு."

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. வீட்டில் இருக்கிற யார் மேலாவது அவருக்குத் தெரியாமல் கிளிப்பை மாட்டிவிட வேண்டும். அதோடு வாசல் கேட்டைத் தாண்டிவிட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். தோற்றவர் அன்று இரவு பாத்திரம் கழுவ வேண்டும். நடுவில் கண்டுபிடித்துவிட்டால் கிளிப் கைமாறும். அண்ணன், தங்கை, மகள், மூன்று பேரும் ஆடுகிறார்கள். மாதக்கணக்கில் நடக்கிறது.

டாக்டர் ரசித்துக் கேட்டார். பிறகு பிரேக்கம்மாவைப் பார்த்து, "நீங்க ஆடறதில்லையா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது கணவர். உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாத மனிதர். "அவ பாத்து எடுத்துட்டா அந்த ஆட்டம் கணக்குல வராது டாக்டர். மழை வந்தா மேட்ச் நிக்குமில்ல, அந்த மாதிரி."

டாக்டர் மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார்.

"சாருக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "உங்களுக்கு வேணா பிரஷர் பாத்துடலாமா?"

திரும்பி வரும்போது பிரேக்கம்மாதான் ஓட்டினாள். அவள் இருக்கும் காரில் வேறு யார் ஓட்டுவது? இரண்டாவது சிக்னலில் காரை நிறுத்தினாள். சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப ராத்திரியில பாத்திரம் கழுவினீங்களே."

"ம்."

"நான் களைச்சுப்போய் வரேன்னு கழுவறீங்கன்னு நெனச்சேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சில கேள்விகளுக்கு உண்மை பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வதே மரியாதை என்று அவருக்கும் தெரியும்.

"என்னை ஏன் சேத்துக்கல?"

"ஆரம்பத்துல உனக்கும் மாட்டினோமே. மறந்துட்டியா? வகுப்புக்குப் போட்டுக்கிட்டுப் போவியே, அந்த நீலக் கோட்டுல."

ஞாபகம் வந்தது. கோட்டின் பின்னால் கிளிப்பைக் கண்டுபிடித்த அன்று, அது கழன்று விழுந்து உருண்டு பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சாப்பாட்டு மேஜையில் அவள் ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டில் உருண்டு பெடலுக்கு அடியில் போன கதை, குடை போன கதை, ஒற்றைச் செருப்பு போன கதை என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாருக்கும் சாப்பாடு ஆறிப்போனது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் வம்பு. தப்பாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடலாம். எப்போதும் சரியாகவே பேசுகிறவர்களோடு என்ன செய்வது? ஒதுங்கிக்கொள்ளத்தான் முடியும்.

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் ஹாரன் அடித்ததில்லை.

வீட்டில் மற்ற எல்லாக் குறைகளையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் சேர்ந்து அவள் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தார்கள் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஆனால் அந்த மழை என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மழையை யாரும் விளையாடக் கூப்பிட மாட்டார்கள். மழை வந்தால் உள்ளே ஓடுவார்கள். அவளுக்கு அந்த ஆட்டத்தில் ஓர் ஆளாக நிற்க வேண்டும் போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம்.

அன்று இரவே மேஜையில் சொன்னாள். "நானும் ஆடறேன்."

மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றாள் மகள், மிக மரியாதையாக.

"ஆனா சில ரூல் வேணும்" என்றாள் பிரேக்கம்மா. "வண்டி ஓட்டப் போறவங்களுக்கு மாட்டக் கூடாது. படியில வச்சு மாட்டக் கூடாது. அடுப்புகிட்ட கூடாது. கையில சூடான டம்ளர் இருந்தா கூடாது."

"அண்ணி, அப்ப எங்கதான் மாட்டறது?" என்றாள் நாத்தனார்.

"ஹால்ல."

"ஹால்ல வச்சு, முன்கூட்டியே சொல்லிட்டு மாட்டணுமா, இல்ல சொல்லாமலே மாட்டலாமா?"

"கிண்டல் பண்ணாத."

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விலக்கு என்றால் அந்த வீட்டில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவள் ஒருத்திதான். தன்னைத் தானே ஆட்டத்திலிருந்து பாதி வெளியே நிறுத்திக்கொண்டாள் என்பது மற்ற மூன்று பேருக்கும் உடனே புரிந்தது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

மறுநாள் காலையில் கணவர் ஹாலின் நடுவில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அந்தச் சுவரை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. பிரேக்கம்மா மாட்டினாள். அவர் கேட்டைத் தாண்டிப் போய், திரும்பி நின்று, "அடடா, தோத்துட்டேன்" என்றார். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கிற பிள்ளைகூட அதைவிட நன்றாக நடித்திருக்கும். அடுத்த நாள் செருப்பு வாரைப் போடக் குனிந்த மகள் நிமிரவே இல்லை. அதற்கடுத்த நாள் நாத்தனார், அவளாகவே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிட்டு வரேன் அண்ணி" என்று அறிவித்துவிட்டுப் போனாள்.

இதைப் பிரேக்கம்மா கண்டுபிடிக்காமல் இருப்பாளா? தினமும் அவளே செய்கிற வேலை இது. மாணவர் பதறும்போது தன் பக்கத்துப் பிரேக்கைச் சத்தமில்லாமல் மிதித்துவிட்டு, "நல்லா நிறுத்தினே, சபாஷ்" என்று சொல்வாள். மாணவரும் தானே நிறுத்தியதாக நினைத்துப் பூரித்துப்போவார். இப்போது அந்தச் சபாஷ் அவளுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சின்ன வயதில் பெரிய பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, அழுதுகொண்டு நிற்கிற குட்டிப் பிள்ளையையும் பெயருக்குச் சேர்த்துக்கொள்வார்களே. அது தொட்டாலும் அவுட் இல்லை, அதைத் தொட்டாலும் அவுட் இல்லை. ஒப்புக்குச் சப்பாணி. இந்த வயதில், சொந்த வீட்டில், சொந்தக் கட்டில், மேஜை, நாற்காலிகளுக்கு நடுவே அவள் ஒப்புக்குச் சப்பாணியாகிவிட்டாள்.

"யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது" என்றாள் அன்று இரவு. "நெஜமா ஆடணும். இல்லன்னா வேண்டாம்."

நிஜமாக ஆடினார்கள். அதற்குப் பிறகு அவளால் ஒரு தடவைகூட மாட்ட முடியவில்லை. கிளிப்பைக் கையில் மறைத்துக்கொண்டு பூனை மாதிரித்தான் போவாள். ஆனால் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நீளும்போது, வலது கால் அதன் பாட்டுக்குத் தரையை மிதித்துவிடும். டப். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மா, வேணாம்" என்பாள். கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரில் சாய்ந்துகொள்வார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு போய்ப் பார்த்தாள். அப்போதும் நாத்தனார், "அண்ணி, மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. இப்ப விடுங்க" என்றாள்.

கடைசியில் மகள்தான் மனம் இளகிப்போய்ச் சொன்னாள். "அம்மா, நீங்க அம்பயரா இருந்துடுங்களேன். உங்களுக்குத்தான் ரூல் எல்லாம் நல்லாத் தெரியும்."

நல்ல மனதோடு சொன்னதுதான். அதனால்தான் கூடுதலாக வலித்தது. மழைக்குப் பதவி உயர்வு கொடுத்து அம்பயராக்குகிறார்கள். ஆட்டக்காரர் ஆக மட்டும் வழியில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கொடு" என்றாள். "அதுக்குள்ள ஒரே ஒரு தடவை ஒருத்தரை கேட் தாண்ட வைக்கிறேன். முடியலன்னா நான் அம்பயர். அப்புறம் இதைப் பத்திப் பேசவே மாட்டேன்."

அந்த வாரம் அவளிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி பேக்கரிக்காரி. விடியலிலேயே மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு முடித்துவிட்டு, முழங்கையில் மாவோடு வகுப்புக்கு வந்து நிற்பாள். நல்ல சிரிப்புக்காரி. பிரேக்கம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது அப்படி ஒரு கச்சிதம். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவாள். ஆனால் லைசென்ஸ் டெஸ்ட் என்று போனால் ஒவ்வொரு தடவையும் கோட்டை விட்டுவிட்டு வருவாள். நிறுத்தக்கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்துவாள்.

"எங்கூட இவ்வளவு நல்லா ஓட்டற. அந்த ஆபீசரைப் பாத்தா என்ன ஆவுது உனக்கு? பயமா?"

பேக்கரிக்காரி ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "சொன்னா திட்ட மாட்டீங்களே டீச்சர்?"

"சொல்லு."

"உங்க மூச்சு சத்தத்தை வச்சுதான் நான் பிரேக் போடறேன். ஏதாவது குறுக்க வந்தா நீங்க 'ஹ்ஹ்' னு ஒரு மூச்சு இழுப்பீங்க. அப்ப மிதிச்சுட்டா சரியா இருக்கும். நான் ரோட்டைக்கூட சரியா பாக்கறதில்ல. அந்த ஆபீசர் பாவி மனுஷன், மூச்சே விட மாட்டேங்கறார். எங்க நிறுத்தறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிரேக்கம்மா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். வீட்டில் மூன்று பேர், காரில் ஒருத்தி. தான் செய்யப்போகிற காரியத்தைச் செய்வதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுக்கொண்டுதான் இத்தனை நாளும் நடமாடியிருக்கிறாள்.

அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது ஊருக்கு வெளியே ஒரு பழைய மைதானம். ஆள் இல்லை, வண்டி இல்லை. பிரேக்கம்மா கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், 'ஹ்ஹ்' என்று மூச்சை இழுத்தாள்.

கார் மடக்கென்று நின்றது. பேக்கரிக்காரி நாலா பக்கமும் பார்த்தாள். "என்ன டீச்சர்? என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல."

"அப்புறம் ஏன் மூச்சு இழுத்தீங்க?"

"சும்மா."

அந்த வார்த்தையைத் தன் வாயிலிருந்து கேட்டுப் பிரேக்கம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேக்கரிக்காரி முதலில் முறைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று வகுப்பு முடிகிறவரை பிரேக்கம்மா தோன்றியபோதெல்லாம் மூச்சு இழுத்தாள். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமலும் இருந்தாள். வேறு வழியில்லாமல் பேக்கரிக்காரி ரோட்டைப் பார்த்து ஓட்ட ஆரம்பித்தாள். "ஏமாத்துக்கார டீச்சரா இருக்கீங்களே" என்று இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனாள். பிரேக்கம்மாவுக்கு அது இனித்தது.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. கால் சத்தம் போடாமல் இருக்கப்போவதில்லை. இத்தனை வருஷத்துக் கால், ஒரு வாரத்தில் அடங்குமா? மூச்சும் அப்படித்தான். சத்தத்தை நிறுத்த முடியாது. அப்படியானால், அவள் போடுகிற சத்தங்களில் வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காத சத்தம் எது?

பதில் வீட்டுக்குள் நுழைந்த உடனேயே கிடைத்தது. "பையை ஏன் வழியில போட்டிருக்க?" என்று மகளைக் கேட்டாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள். கண் இமைகூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. கணவர் கிளம்பிக்கொண்டிருந்தார். கிளிப் பிரேக்கம்மாவின் உள்ளங்கையில் இருந்தது. முதலில் ஹாலின் நடுவில், அவருக்குப் பின்னால் வேண்டுமென்றே வந்து நின்று, காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். டப். அவர் சட்டென்று சுவரில் சாய்ந்தார். முதுகை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒன்றுமில்லை.

"இன்னைக்கும் கேட்டுடுச்சு" என்றார்.

"போங்க, எனக்கு இது வராது" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவருக்கு நிம்மதி. இன்றைக்கு வந்த ஆபத்து வந்து போய்விட்டது. குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏங்க, நில்லுங்க. காலர் எப்படி மடங்கியிருக்கு பாருங்க. நாலு பேர் வந்துபோற எடத்துல வேலை பாக்கறீங்க. கண்ணாடி விக்கறவர் வீட்ல கண்ணாடியைப் பாக்கறதில்ல. நேத்தும் இதேதான். சட்டையை மடிச்சு வைக்கும்போதே சொன்னேன், கேட்டாத்தானே. குடையைச் சரியாப் பிடிங்க, கண்ணுல குத்தப்போவுது."

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரல் வந்தால் அவர் செய்கிற ஒரே காரியம், தலையைச் சற்றுக் குனிந்து, மனதை வேறெங்காவது அனுப்பிவைத்துவிட்டு, முடிகிறவரை நிற்பது. அன்றும் நின்றார். அவள் காலரைத் தூக்கினாள், நீவினாள், தட்டினாள். மடங்காத காலரை மடித்து, மறுபடி நிமிர்த்தி, அதன் கீழ்விளிம்பில் மஞ்சள் கிளிப்பைக் கவ்வவிட்டாள். கால் மிதித்தது, டப் என்று. மூச்சும் இழுத்தது. இரண்டையும் திட்டு விழுங்கிவிட்டது.

"போயிட்டு வாங்க."

அவர் படியிறங்கி நடந்தார். மாடி பால்கனியில் மகளும் நாத்தனாரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பிரேக்கம்மாவுக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கு அவர் கடைக்குப் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் கண் பரிசோதனை. தலைமை ஆசிரியை, மற்ற ஆசிரியர்கள், கூடம் நிறையப் பிள்ளைகள். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னாரே. எதையுமே மறக்காதவள் இதை எப்படி மறந்தாள்?

கேட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். 'ஏங்க' என்றால் நிற்பார். எடுத்துவிடலாம். எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மழை பெய்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கூப்பிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை அங்கேயே கடித்துக்கொண்டாள். கதவு நிலையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

கேட் திறந்தது. மூடியது. மஞ்சள் கிளிப் தெருவில் நேர்கோட்டில் போய், முனையில் திரும்பியது.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது மூன்று பெண்களும் ஹாலில் தயாராக இருந்தார்கள். கிளிப்பை மேஜையில் வைத்தார். உட்கார்ந்தார். முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் நாத்தனார்.

"போர்டுல கடைசி வரியைப் படின்னு ஒரு பொண்ணுகிட்ட சொல்லிட்டு, எழுத்தைக் காட்டத் திரும்பினேன். கடைசி வரி தெரியல சார், ஆனா உங்க காலர்ல மஞ்சளா ஒரு கிளிப் தெரியுதுன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பார்வை நல்லாருக்குன்னு அனுப்பிட்டேன்."

நாத்தனார் சோபாவில் சரிந்து விழுந்தாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிரேக்கம்மாதான் தயங்கினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் நிறையப் பேர் முன்னால் அவமானப்பட்டுவிட்டாரோ?

"ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் கணவர்.

"எதை?"

"இது அழுகுணி ஆட்டம்."

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் எதிலும் அழுகுணி என்று சொன்னதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தாலே நிறுத்திவிடுகிற மனுஷி அவள்.

"என்ன அழுகுணி?" என்றாள் பிரேக்கம்மா. இடுப்பில் கை தானாக ஏறியது.

"காலரைச் சரி பண்றது பொண்டாட்டி வேலை. திட்டறதும் பொண்டாட்டி வேலை. வேலை நேரத்துல ஆட்டம் ஆடலாமா?"

"ஆமாம்மா" என்று மகள் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டாள். "நீங்க திட்டும்போது நாங்க எப்படி உஷாரா இருக்கறது? நீங்க எப்பவும்தான் திட்டறீங்க."

"அது உங்க பாடு. வாசல்ல மாட்டக் கூடாதுன்னு எதுவும் இருக்கா? திட்டிக்கிட்டே மாட்டக் கூடாதுன்னு எதுவும் இருக்கா?"

"அண்ணி சொல்றது நியாயம்தான்" என்றாள் நாத்தனார். "ஆனா இன்னொண்ணும் இருக்கு. வண்டி ஓட்டறவங்களுக்கு மாட்டக் கூடாதுன்னு சொல்லி அண்ணி மட்டும் தப்பிச்சுக்கறாங்க. இவங்க மாட்டலாம், இவங்களுக்கு மாட்டக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்?"

"பெடலுக்கு அடியில விழுந்தா?"

"அப்ப கார்லேர்ந்து இறங்கினதுலேர்ந்து ஆட்டம் உண்டு. டயர் கடை வரைக்கும் நடந்து போறீங்கல்ல? டீக்குப் போறீங்கல்ல?"

"அங்க வந்து எப்படி மாட்டுவ?"

"அது எங்க பாடு அண்ணி."

சாப்பாடு ஆறியது. இந்தத் தடவை ஆறவிட்டது நாலு பேரும்தான். திட்டுவதற்குத் தடை போட வேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தார். திட்டாமல் இருக்கத் தன்னால் முடியவே முடியாது, அதைக் கேட்பதும் தப்பு என்று அவள் மறுத்தாள். ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்கவிடவில்லை. கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மேஜையைத் தட்டினார். தட்டிய கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார். யாரும் அவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. மரியாதையாக ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் 'சரிம்மா' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிரேக்கம்மாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. உள்ளே எங்கோ குளிர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கணவர் கடைக்குக் கிளம்பினார். பிரேக்கம்மா காபி டம்ளரோடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டும்போது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, காலர் மடங்கியிருக்கு."

அவர் நின்றார். அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். டம்ளரைப் பிடிக்காத மற்றக் கையைப் பார்த்தார். பிறகு, ஒரு வார்த்தை பேசாமல், முதுகைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே நகர ஆரம்பித்தார். சுவரோடு சுவராகக் காலண்டரை உரசி, செருப்பு அடுக்கைத் தாண்டி, வாசற்படியில் ஒரு தரம் தடுமாறி, கேட் வரைக்கும் அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போனார்.

"நெஜமாத்தாங்க சொல்றேன்" என்று அவள் கத்தினாள்.

"நம்ப மாட்டேன்" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

காலர் நிஜமாகவே மடங்கித்தான் இருந்தது.